கையில் பட்டினப்பாலை, காலடியில் பூம்புகார்: இலக்கியமும் பயணமும் சமூகமும் கலந்த கட்டுரை எழுத விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி ஆண்டு மலருக்காக மாணவர்கள் எழுதித் தரும் பூம்புகார்க் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். பெரும்பாலானவை ஒரே தடத்தில் நடக்கின்றன. முதல் பத்தியில் சோழர் பெருமை, அடுத்ததில் யவனர் மரக்கலம், அதற்கடுத்ததில் கண்ணகி, முடிவில் 'அனைத்தையும் கடல் கொண்டது' என்ற பெருமூச்சு. ஊருக்குச் சென்று வந்தவர் எழுதியது எது, விடுதி அறையை விட்டு நகராமல் எழுதியது எது என்று பிரித்தறிய முடிவதில்லை. எழுதியவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று சொல்ல மாட்டேன். நூல் சொல்வதையும், நிலம் காட்டுவதையும், தாம் எண்ணுவதையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதே அவர்களுடைய இடர்ப்பாடு. இந்த மூன்றையும் தனித்தனியே சேர்த்து, பின்னர் உரிய இடத்தில் இணைக்கும் முறையைப் பூம்புகாரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஆறு வாரம் ஒதுக்கினால் அவசரமின்றி முடிக்கலாம்.

1. முழு நூலை எடுக்காதீர்கள். முப்பது அடிகளை எடுங்கள்

'சிலப்பதிகாரத்தில் சமூகம்' என்ற தலைப்போடு தொடங்குபவர் மூன்று காண்டம், முப்பது காதை ஆகிய பெரும்பரப்பில் திசை தெரியாமல் நின்றுவிடுவார். பூம்புகாரைப் பற்றி எழுத விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல் 301 அடிகளே உடையது. ஒரே அமர்வில் உரக்கப் படித்து முடித்துவிடலாம். அதன் அமைப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. துறைமுகத்தின் வளம், மீனவரான பரதவர் விளையாட்டு, கடைத்தெரு, சுங்கம் என்று இருநூறு அடிகளுக்கு மேல் விரித்துச் சொல்லிவிட்டு, 'முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும், வாரிருங் கூந்தல் வயங்கிழை ஒழிய வாரேன், வாழிய நெஞ்சே' என்கிறான் தலைவன். அந்தப் பட்டினமே கிடைப்பதானாலும் அவளைப் பிரிந்து வரமாட்டேன் என்பது பொருள். ஆக, பூம்புகாரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிக விரிவான பழஞ்சித்திரங்களுள் ஒன்று, பயணம் போக மறுத்த ஒருவனின் வாய்மொழியாக அமைந்திருக்கிறது. பயணக் கட்டுரை எழுதப் புறப்படும் மாணவருக்கு இதைவிடச் சுவையான நுழைவாயில் கிடைப்பது அரிது.

அதற்குள்ளும் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழும் பகுதி ஒன்று. காவிரி கடலோடு கலக்கும் துறையில் மக்கள் நீராடும் பகுதி ஒன்று. குதிரையும் மிளகும் பொன்னும் முத்தும் குவிந்த தெருவைச் சொல்லும் பகுதி ஒன்று. சிலப்பதிகாரமே வேண்டும் என்பவர் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் வரும், நகரின் கடலோரப் பகுதியான மருவூர்ப்பாக்கத்தையோ, கோவலனும் கண்ணகியும் ஊரை விட்டு வெளியேறும் நாடுகாண் காதையின் தொடக்கத்தையோ எடுக்கலாம்.

2. உரையோடு படியுங்கள், உரைகள் மாறுபடும் இடத்தில் நின்று படியுங்கள்

பட்டினப்பாலை இடம்பெறும் பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரை உண்டு, அதை உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பதிப்பித்தார். சிலப்பதிகாரத்தை 1892ஆம் ஆண்டிலும் மணிமேகலையை 1898ஆம் ஆண்டிலும் அவர் வெளியிட்டார். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரையும் அடியார்க்கு நல்லார் உரையும் பழையவை. அடியார்க்கு நல்லார் உரை முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதால் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மூலமும் உரைகள் சிலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனினும் மேற்கோளை எடுத்தாளும்போது அச்சு நூலோடு ஒருமுறை ஒப்பிடாமல் விடாதீர்கள். எழுத்துப் பிழைகள் திரையில் எளிதாகக் கண்ணை ஏய்த்துவிடும்.

உரையைப் பொருள் தெரிந்துகொள்ள மட்டுமே பயன்படுத்துவது பாதிப் பயன். 'காலின் வந்த கருங்கறி மூடையும்' என்ற அடியைப் பாருங்கள். இங்கு 'கால்' என்பதற்குக் காற்று என்றும் வண்டிச் சக்கரம் என்றும் இருவகையாகப் பொருள் கொள்ளப்படுகிறது. முதற்பொருளைக் கொண்டால் மிளகு மூடை கடல்வழியே வந்தது. இரண்டாவதைக் கொண்டால் மலைநாட்டிலிருந்து தரைவழியே வந்தது. ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு வணிகப் பாதையே இடம் மாறுகிறது. அதேபோல் மருவூர்ப்பாக்கத்தில் 'பாசவர், வாசவர், பல்நிண விலைஞர்' என்று வரும் வரிசையில் 'பாசவர்' என்பதற்கு வெற்றிலை விற்போர் என்று பொருள் சொல்வர். பதிற்றுப்பத்திலோ இதே சொல் இறைச்சி விற்போரைக் குறிக்கிறது. இப்படிப்பட்ட முடிச்சுகளைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். குறிப்பேட்டில் தனிப்பக்கம் ஒதுக்கி எழுதிவையுங்கள். பிற்பாடு உங்கள் கட்டுரையின் மிகச் சிறந்த பத்தி அங்கிருந்துதான் பிறக்கும்.

3. பகுதியிலிருந்து ஒரு கேள்வியை உருவாக்குங்கள்

தலைப்பு வேறு, கேள்வி வேறு. 'சங்ககாலப் பரதவர் வாழ்வு' என்பது தலைப்பு. 'கடலுக்குச் செல்லாத நாளை யார் முடிவு செய்கிறார்கள்?' என்பது கேள்வி. பட்டினப்பாலையில் அந்த நாளை நிலவும் வழிபாடும் முடிவு செய்கின்றன: 'பாயிரும் பனிக்கடல் வேட்டம் செல்லாது, உவவு மடிந்து உண்டு ஆடியும்' என்கிறது நூல். இன்று கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உள்ளது. அந்த நாளை அரசாணை முடிவு செய்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தவுடன் இலக்கியம், பயணம், சமூகம் மூன்றும் ஒரே கேள்வியில் வந்து முடிச்சிடுகின்றன. இதை வலிந்து செய்ய வேண்டியதில்லை. கேள்வி சரியாக அமைந்தால் தானாகவே நிகழும்.

இன்னும் இரண்டு கேள்விகளை மாதிரிக்குத் தருகிறேன். 'வான் பொய்ப்பினும் தான் பொய்யா மலைத்தலைய கடற்காவிரி' என்று பாடப்பட்ட ஆறு, மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின், கடலைச் சேரும் கடைமடையில் எந்த மாதங்களில் ஓடுகிறது? 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' ஊராகச் சொல்லப்பட்ட இடத்துக்கு இன்று வெளியூரிலிருந்து வேலைக்கு வருவோர் யார், அங்கிருந்து வெளியே போவோர் யார்?

கேள்வி சரியானதா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஊருக்குப் போகாமலே உங்களால் விடை எழுத முடிந்தால், அது பயணத்துக்குரிய கேள்வியல்ல, மாற்றுங்கள்.

4. நூலுக்கு வெளியே உள்ள சான்றுகளைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் மாணவர்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1960களில் தொடங்கி இந்தியத் தொல்லியல் துறை இப்பகுதியில் அகழாய்வு செய்தது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் மரத்தூண்களும் கிடைத்தன. தூணின் மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் தெரியவந்தது. வானகிரியில் நீர்த்தேக்க அமைப்பு வெளிப்பட்டது. பல்லவனேசுவரம் பகுதியில் புத்த விகாரத்தின் அடித்தளமும் புத்தர் பாதம் பொறித்த கல்லும் கிடைத்தன. கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் இணைந்து கடலடி ஆய்வுகளை நடத்தின. ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு காணப்பட்டது அப்போதுதான். அதை வைத்துக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய நகரம் என்று எழுதப்படும் செய்திகள் உலவுகின்றன. அத்தகைய முடிவுக்குப் போதிய சான்று இதுவரை நிறுவப்படவில்லை. இதே கடலில் ஈயக்கட்டிகளோடு மூழ்கிய ஐரோப்பியக் கப்பலொன்றும் கண்டறியப்பட்டது. கடலடியில் இருப்பதெல்லாம் சங்ககாலம் என்று நினைப்பவருக்கு அந்த ஈயக்கட்டிகள் நல்ல பாடம்.

அயலார் குறிப்புகளில் கிரேக்க நிலவியலாளர் தாலமி 'கபேரிஸ்' என்ற வணிகத் துறையைக் குறிப்பிடுகிறார். அது காவிரிப்பட்டினமே, அதாவது பூம்புகாரே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. காவிரிப்பட்டினத்தில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதிய புத்ததத்தர் என்னும் துறவியையும் மறவாதீர்கள். அகழாய்வில் கிடைத்த விகாரத்தைப் பற்றி எழுதும்போது அவர் துணைக்கு வருவார்.

எந்தச் செய்தி எந்த நூலில் இருக்கிறது என்பதையும் பிரித்து வையுங்கள். கடல்கோளை விரித்துச் சொல்வது மணிமேகலை. மாணவர் கட்டுரைகளோ அதைச் சிலப்பதிகாரத்தின் தலையில் ஏற்றுகின்றன. மணிமேகலை கூறும் காரணமும் இந்திரவிழா நிகழாமல் போனது என்பதேயாகும். அதை நிலவியல் அறிக்கை போல எடுத்தாள்வது நூலுக்கும் நியாயமன்று, நிலவியலுக்கும் நியாயமன்று. பட்டினப்பாலை கரிகாலனைக் 'காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி'யவன் என்று போற்றுகிறது. கல்லணையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்லணையை அவனோடு இணைக்கும் மரபு வேறு வழியில் வந்தது. சிலப்பதிகாரத்தின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால், 'ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதும் பழக்கத்தைக் கைவிட்டு, யார் கருத்தை ஏற்கிறீர்களோ அவர் பெயரைச் சுட்டி எழுதுங்கள்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நூல், நிலம், நான் என்று மூன்று நெடுவரிசையாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் எழுத வேண்டியதை மற்றொன்றில் எழுதாதிருப்பதே இந்தப் படியின் ஒழுங்கு.

5. காலத்தையும் வழியையும் தேர்ந்து புறப்படுங்கள்

பூம்புகார் இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழி வட்டத்தில் உள்ளது. மயிலாடுதுறைக்கோ சீர்காழிக்கோ ரயிலில் வந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறலாம். இரண்டு ஊரிலிருந்தும் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணாதீர்கள். இரண்டு விடியற்காலைகள் அங்கே கிடைத்தால்தான் கடற்கரையின் வேலை நேரம் கண்ணில் படும்.

எப்போது போவது என்பதை உங்கள் கேள்விதான் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடையைப் பற்றி எழுதுபவர் சித்திரை முழுநிலவை ஒட்டிப் போவது பொருத்தம். இந்திரவிழா சித்திரையில் நிகழ்ந்ததாகக் காப்பியம் கூறுகிறது. அந்த நாள் தடைக்காலத்துக்குள்ளேயே வருகிறது. எனவே கட்டிவைக்கப்பட்ட படகுகளைக் காணலாம். 'பணைநிலைப் புரவியின் அணைமுதல் பிணிக்கும்' என்று, நெல்லுக்கு உப்பை மாற்றி வந்த படகுகளைக் கொட்டிலில் கட்டிய குதிரைகளுக்கு ஒப்பிட்ட உவமை அப்போது தானே நினைவுக்கு வரும். ஆற்றைப் பற்றி எழுதுபவருக்கு மட்டும் ஆறு வாரம் போதாது, இரண்டு முறை போக வேண்டும்: ஒன்று கோடையில், மற்றொன்று ஆடிப்பெருக்கை ஒட்டி. நீர் இருப்பு போதுமானால் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்படும். கடைமடைக்கு நீர் வந்து சேரப் பல நாள் ஆகும். நீராடும் துறையைப் பற்றி எழுதுபவர் ஆடி அமாவாசையையோ தை அமாவாசையையோ தேர்ந்துகொள்ளலாம். 'தீது நீங்கக் கடலாடியும், மாசு போகப் புனல் படிந்தும்' என்கிறது பட்டினப்பாலை: தீவினை நீங்கக் கடலில் குளியல், பின்னர் உடம்பின் உப்புப் போக ஆற்றில் குளியல். இன்றைய மக்கள் எந்த வரிசையில் இறங்குகிறார்கள் என்பதை நின்று பாருங்கள். இப்படிச் சிறிய ஒன்றைப் பார்த்து வந்து எழுதினால் போதும். கட்டுரை உயிர் பெற்றுவிடும்.

முதல் நாள் காலையில் முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள். சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதைப் பார்க்க விரும்புபவர் திறப்பு நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்து செல்லுங்கள். அது இருபதாம் நூற்றாண்டின் கட்டடம் என்பதும், சிலப்பதிகாரம் பாடிய இளங்கோ காட்டும் ஊரைப் பற்றி நம் காலத்தவர் கொண்ட கற்பனை என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்தக் கற்பனையைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம். அதன்பின் பல்லவனேசுவரம் கோயில், புத்த விகாரத்தின் அடித்தளம், கீழையூர்ப் படகுத்துறை என்று செல்லுங்கள். வாகனம் வேண்டாம், நடந்தே செல்லுங்கள். நாடுகாண் காதையில் விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படும் கோவலனும் கண்ணகியும் திருமாலுக்குரிய மணிவண்ணன் கோட்டத்தையும், புத்தருக்குரிய இந்திர விகாரம் ஏழையும், சமணரான அருகனடியார் தொழும் சிலாதலத்தையும் ஒரே நடையில் கடந்து போகிறார்கள். மூன்று சமயங்கள் ஒரு நடைத்தொலைவுக்குள் இருந்த நகரம் அது. இப்போது நடந்தால் எவை எதிர்ப்படுகின்றன என்று வரிசையாகக் குறியுங்கள். கோயில், தர்கா, தேவாலயம், தேநீர்க்கடை, கட்சிக்கொடி எதையும் விட வேண்டாம்.

அதே காதையில் கால் நொந்த கண்ணகி, 'மதுரை மூதூர் யாது?' என்று கேட்கிறாள். 'ஆறைங்காதம் நம் அகல்நாட்டு உம்பர், நாறைங்கூந்தல், நணித்து' என்கிறான் கோவலன். ஆறைந்து முப்பது காதத் தொலைவை 'பக்கந்தான்' என்று சொல்லிச் சிரிக்கிறான் அவன். வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடந்த பிறகு அந்த வரியைக் கரையோரம் அமர்ந்து மறுபடி படித்துப் பாருங்கள். வகுப்பில் நான் எத்தனை முறை விளக்கியும் ஏறாத இடம் அது.

6. மனிதர்களோடு பேசுங்கள், ஆனால் விசாரிக்காதீர்கள்

கையில் வினாத்தாளோடு கடற்கரைக்குப் போகும் மாணவரை ஊரார் அரசு அலுவலர் என்றோ செய்தியாளர் என்றோ எண்ணுவார்கள். வலை பின்னும் இடத்திலும் மீன் விற்கும் பெண்கள் அமரும் இடத்திலும் சிறிது நேரம் சும்மா இருங்கள். அவர்களாகவே, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார்கள். நீங்கள் யார், எதற்காக வந்தீர்கள், எழுதுவது எங்கே வெளிவரும் என்பதை அப்போது மறைக்காமல் சொல்லுங்கள். மூத்தவர்களை ஐயா, அம்மா என்றே அழையுங்கள். பெயரையும் படத்தையும் அவர்கள் ஒப்புதலின்றிப் பயன்படுத்தாதீர்கள். கட்டுரையில் 'வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்' என்பதே போதும்.

இரண்டு செய்திகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. கடல்கோள் பற்றி எழுதும் ஆசையில் அந்த நாளைக் கிளறாதீர்கள். அவர்களாகப் பேசினால் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள். மற்றொன்று, மீன்கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெருவலையான சுருக்குமடி வலை. அதைப் பயன்படுத்துவதில் மீனவக் கிராமங்களுக்கிடையே கடும் பிணக்கு உண்டு. ஒரு தெருவில் கேட்டதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாமல், மறுதரப்பின் தெருவிலும் ஒரு மாலையைச் செலவிடுங்கள்.

அன்றிரவு தூங்குமுன் கேட்டதையெல்லாம் அவர்கள் சொல்லிலேயே எழுதிவையுங்கள். வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். 'வடகாற்று' என்று திருத்தி எழுதும்போது ஊரின் மொழி கைநழுவிவிடும்.

7. எழுதும் முறை

திரும்பி வந்து ஒரு வாரம் எழுதாதீர்கள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, மறக்க முடியாத ஒரு காட்சியைத் தேர்ந்து அதிலிருந்து தொடங்குங்கள். 'பழம்பெருமை வாய்ந்த பூம்புகார் இன்று பொலிவிழந்து காணப்படுகிறது' என்று தொடங்கினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். 'தடைக்காலத்தின் இரண்டாம் வாரம். கட்டியிருந்த படகின் நிழலில் நால்வர் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர்' என்பதுபோல் தொடங்கினால், அடுத்த வரியிலேயே 'உவவு மடிந்து' உண்டு ஆடிய பரதவரை அழைத்து வரலாம். வாசகர் உங்கள் பின்னே வருவார்.

மேற்கோளைக் கொட்டாதீர்கள். ஆயிரத்தைந்நூறு சொல் கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் மிகுதி, மூன்று போதும். ஒவ்வொன்றையும் சந்தி பிரித்து எழுதி, பொருளை உங்கள் உரைநடையில் கரைத்துச் சொல்லி, அடி எண்ணைக் குறியுங்கள்.

சமூகத்தைப் பற்றி எழுதும் பத்தியில் நூலையே எதிர்க்கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் கள் விற்கும் பெண்டிரும். நகரின் உட்பகுதியான பட்டினப்பாக்கத்தில் அரசர் தெருவும் பெருவணிகர் தெருவும் மறையோர் இருக்கையும். இளங்கோவடிகள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நகரின் அழகாகவே சொல்கிறார். யார் எந்தப் பக்கத்தில் குடியிருந்தார் என்பதைக் கவிதை இவ்வளவு துல்லியமாக வரிசைப்படுத்தும்போது, இன்றைய ஊரில் குடியிருப்புகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று கேட்பது வாசகரின் உரிமை. அதே வேளையில், அன்றைய பிரிவும் இன்றைய சாதித் தெருவும் ஒன்றே என்று சான்றின்றி முடிச்சுப் போடாதீர்கள். பட்டினப்பாலையின் வணிகரைப் பற்றிய 'கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது' என்ற வரிக்கும் இது பொருந்தும். அது புலவர் காட்டும் இலட்சியமா, அன்றைய நடைமுறையா என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள். மாணவர்கள் இந்த வரியைப் பெருமைக்காக எடுத்தாள்கிறார்கள். ஐயத்தோடு எடுத்தாண்ட கட்டுரையை நான் ஒரே ஒருமுறைதான் படித்திருக்கிறேன். இன்றும் அது நினைவில் இருக்கிறது.

8. திருத்தம்

முதல் வரைவை முடித்ததும் மூன்று நிறப் பேனாக்களை எடுத்து, நூல் சொல்வதை ஒரு நிறத்திலும், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மற்றொரு நிறத்திலும், உங்கள் கருத்தை மூன்றாம் நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். கருத்தின் நிறம் பாதிப் பக்கத்துக்கு மேல் பரவியிருந்தால் வெட்டுங்கள். இரண்டாம் நிறம் அரைப்பக்கத்தைக்கூடத் தாண்டவில்லையென்றால் நீங்கள் இன்னொரு முறை பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

அடுத்து 'பொலிவு', 'பெருமை', 'எச்சம்', 'சாட்சி' ஆகிய நான்கு சொற்களைத் தேடி நீக்குங்கள். அவை நின்ற இடத்தில் என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். கடைசியாக, தமிழ்த்துறையைச் சாராத நண்பர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சானதும் ஒரு படியை அந்த வலை பின்னிய பெரியவருக்கோ, உங்களுக்கு இடம் கொடுத்த தேநீர்க்கடைக்கோ அனுப்பிவையுங்கள். முகவரியைப் புறப்படும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.